சோஃபியாவின் குரல் இருந்த ஃபோல்டர்

கட்டுக்கதை என்று தள்ளுகிறவர்கள் தள்ளட்டும். மணி, நிமிஷம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கிறது. போன மார்ச், இரண்டாம் சனிக்கிழமை, பட்டப்பகல். பெங்களூர் அடுகோடி. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது?

லீனா வேலை பார்க்கும் ஆபீஸ் சின்னது. கீழே லேத் பட்டறை, மாடியில் நாலு மேஜை. கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டும் சாஃப்ட்வேரைச் செய்கிறார்கள். அதில் பேசிக்கொண்டிருந்தது சோஃபியாவின் குரல். அதே ஆபீசில் எட்டு வருஷம் லீனாவோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். ஜனவரியில் ஒருநாள், ஜோகுபாளையத்தில் இருக்கும், பெட்டி என்கிற சோஃபியாவின் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. சந்தாபுராவில் வீடு கட்ட சைட் வாங்கச் சொல்லி விளம்பரம். பேசியது சோஃபியாவின் குரல்! "ஏண்டி, பெத்தவளுக்கே சைட் விக்கிறியா?" என்று பெட்டி மகளைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி அஷ்வத் அந்தக் குரலைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு விளம்பரக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தான்.

சோஃபியா அன்றே வேலையை விட்டாள். போகும்போது, இருமிக்கொண்டே, லீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் குரல் ஒரு காப்பிகூட இங்க இருக்கக் கூடாதுடி. உன்னைத்தான் நம்பறேன்." லீனா சத்தியம் செய்தாள். சாயந்திரமே அஷ்வத் வந்து, "எல்லாம் டெலீட் பண்ணியாச்சு, போதுமா?" என்றான். லீனா நம்பிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. சரளா என்கிற டீச்சரின் புதுக் குரலை வைத்து, திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாஃப்ட்வேர் போக வேண்டும். அதன் அடிப்படை, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிற நிரல்தான். அதை இறக்கி, நம் கம்ப்யூட்டரில் ஓடும்படி கம்பைல் செய்துகொள்ள வேண்டும். லீனா தனியாக உட்கார்ந்து செய்தாள். மணி 1:40. ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது.

1:50. வாட்ச்மேன் மஞ்சுநாத் எட்டிப் பார்த்தார்.

"மேடம், சோஃபியா மேடம் வந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"படியில இருமற சத்தம் கேட்டுச்சு. அவங்க இருமல் மாதிரியே இருந்துச்சு."

"பட்டறைல யாராச்சும் இருமியிருப்பாங்க, போங்க."

"பட்டறைக்கும் இன்னிக்கு லீவுதானே மேடம்..."

லீனா சிரித்துவிட்டு புரோகிராமை ஓட்டினாள். "வணக்கம்" என்று டைப் செய்தாள்.

"வணக்கம்" என்றது ஸ்பீக்கர்.

சரளாவின் குரல் இல்லை. சோஃபியா.

லீனா யோசித்தாள். குரல் என்பது ஒரு லைப்ரரி ஃபைல். புரோகிராம் ஓடும்போது அதை எந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்பதற்கு ஒரு பாதை உண்டு. புதுக் குரலுக்கும் பழைய பெயரையே வைக்கச் சொன்னவன் அஷ்வத். அப்படியென்றால் பழைய ஃபைல் எங்கேயோ இருக்கிறது. பாதையில் அதுதான் முன்னால் நிற்கிறது.

எந்த ஃபைல் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கட்டளையை அடித்தாள். 2:25. திரையில் அவள் இதுவரை பார்க்காத ஒரு ஃபோல்டர். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே அந்தப் பாதையைச் சேர்க்கும்படி யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது அஷ்வத்தின் பெயரில். தேதி, அவன் 'டெலீட் பண்ணியாச்சு' என்று சொன்ன அதே சாயந்திரம்.

போன் போட்டாள்.

"ஒரு காப்பிதானேம்மா லீனா. பிசினஸ்னா இதெல்லாம் இருக்கும்."

"அவளுக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கேன் அஷ்வத்."

"நீதானே பண்ணினே? நான் பண்ணலையே."

வைத்துவிட்டான்.

லீனாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு மாசமாக சோஃபியாவிடம், "உன் குரல் இங்க இல்லவே இல்லடி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே.

அந்த வரியை அழித்தாள். ஃபைலையும் அழித்தாள். மணி 3:08. மறுபடி அதே கட்டளை. குரல் லைப்ரரிக்கு நேரே, 'கிடைக்கவில்லை' என்று வந்தது. சரிதான். சரளாவின் குரல் இருக்கும் ஃபோல்டரை இன்னும் பதிவு செய்யவில்லை. இந்த நிலையில் புரோகிராம் திறக்கவே திறக்காது.

3:11. ஸ்பீக்கர் இருமியது.

லீனா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"லீனா..."

அவள் எதையும் டைப் செய்யவில்லை. புரோகிராம் ஓடவேயில்லை.

"ஒண்ணே ஒண்ணு... வச்சுக்கோடி..."

அஷ்வத்! வீட்டிலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழைந்து விளையாடுகிறான்! நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள்.

"வச்சுக்கோடி..."

ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கினாள்.

"லீனா..."

இப்போது சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

அஷ்வத்தின் டிராயரை இழுத்தாள். பேக்கப் டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். அதிலும் சோஃபியா இருந்தாள், அவள் பேசிப் பதிவு செய்த நாலாயிரம் வாக்கியங்கள். மொத்தத்தையும் அழிக்கக் கொடுத்தாள்.

பத்து சதவீதம்... நாற்பது...

குரல் கரகரத்தது.

எழுபது...

வெறும் மூச்சு.

நூறு.

3:35.

குரல் நின்றுவிட்டது.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புதுப் பாதையைப் பதிவு செய்தாள். சரளா டீச்சர் தெளிவாக "வணக்கம்" சொன்னார்.

ஐந்து மணிக்கு சோஃபியாவுக்கு போன் செய்தாள். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல.

எடுத்தது அவள் அம்மா பெட்டி.

"ஆஸ்பத்திரில இருக்கோம் கண்ணு. அந்த இருமல்... தொண்டையில கட்டியாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா. காலைல பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனாங்க."

"பத்து மணிக்கா ஆன்ட்டி? இப்ப எப்படி இருக்கா?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல, ஆண்டவர் புண்ணியம். ஆனா குரல்வளையையே எடுத்துட்டாங்கம்மா. மூணு முப்பத்தஞ்சுக்கு டாக்டர் வெளிய வந்து சொன்னாரு. இனிமே பேச்சு வராது."

லீனா திரையைப் பார்த்தாள்: டிஸ்க் அழிந்து முடிந்த நேரமும் 3:35.

"ஆனா ஒரு மெஷின் இருக்காம். பழைய ரெக்கார்டிங் இருந்தா, அவ டைப் பண்றதை அவ குரல்லயே பேசுமாம். நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், அவ ஆபீஸ்ல நிறைய இருக்குன்னு. அந்த அஷ்வத் கண்டிப்பா ஒண்ணாவது ஒளிச்சு வச்சிருப்பான்..."

பெட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"இருக்கு இல்ல, கண்ணு?"