தம்பிராசா சொன்ன 'வேண்டாம்'

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தம்பிராசா ரயில்வேயில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் முதலில் "வேண்டாம்" என்பார். பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் அள்ளி வைக்க வேண்டும். மரியாதை என்றால் அவருக்கு அதுதான். உண்மையிலேயே போதுமென்றால் இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொள்வார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் நகரத்தில் புதிதாகத் திறந்த இத்தாலிய உணவகத்துக்கு மகன் அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். பணியாளர் சூடான ரொட்டிக் கூடையை நீட்டினார்.

"நோ, நோ," என்றார் தம்பிராசா.

கூடை அடுத்த மேசைக்குப் போய்விட்டது. பெரிய தட்டில் ஒரு கைப்பிடி ஸ்பகெட்டி வந்தது. அதன்மேல் சீஸைத் துருவ ஆரம்பித்ததுமே "இனாஃப், இனாஃப்" என்றார். துருவல் அந்த நொடியே நின்றது. ஐஸ்கிரீமும் அப்படித்தான் திரும்பிப் போனது.

"என்னப்பா, பசியில்லையா?" என்றான் மகன்.

"வேணாம்னு சொன்னா நிஜமாவே எடுத்துட்டுப் போயிடுறான். என்ன வளர்ப்புலா இது."

மூன்று மணிக்கு வீடு திரும்பினார்கள். மனைவி புனிதவதி, "சோறு போடவா?" என்று கேட்டாள்.

"வேணாம். அங்கேயே வயிறு முட்டிப்போச்சு."

அவள் மூன்று அகப்பை சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். நாலாவது அகப்பைக்கும் "வேணாம்" என்றார். கைகள் மட்டும் தட்டை மறைக்கவில்லை.