ருக்குமணி அக்கா இரண்டு வீடுகளில் வைத்த படங்கள்

சென்ற வாரம் ஒரு காலையில், பால் காய்ச்சி இறக்கிய நேரத்தில், எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மலையடிவாரத்துக் குப்பனூரிலிருந்து பாவாயி பேசினார். ருக்குமணி அக்காவின் தம்பி மனைவி அவர். "சரசக்காங்களா?" என்று கேட்டவர் அப்புறம் பேசவில்லை. பாதி ஆயுளைத் தொலைபேசி நிலையத்தில் கழித்தவள் நான். எதிர்முனையில் விழும் மௌனம் என்ன சொல்ல வருகிறது என்று எனக்குத் தெரியும்.

"எப்பங்க?" என்று கேட்டேன்.

"விடியறப்பங்க. காப்பி வேணும்னாங்க. ஆத்திக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாங்க."

அடுத்த பஸ்ஸில் நான் மலையிறங்கினேன்.

ஏற்காட்டில் நெடுநாள் இருந்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரது முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் குரல் தெரியும். எழுபதுகளில் இங்கிருந்து யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் தொலைபேசி நிலையத்தில் நாங்கள் கம்பியை மாற்றிச் செருகித்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். அக்கா என்னைவிட மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என் பக்கத்து நாற்காலி அவருடையது. எஸ்டேட் துரைமார் அதட்டினாலும் சரி, பிரசவச் செய்தி கேட்டு யாராவது அழுதாலும் சரி, அவர் குரல் ஏறாது, இறங்காது. "இருங்க, கெடைக்கும்" என்பார். கிடைக்கும்வரை விடமாட்டார்.

அவரது கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். நான் வேலைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கல்யாணப் படம். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. இந்த மலையின் ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியிலிருக்கும் சேலையே பூத்துப்போகும். ஒரு மழைக்காலம் முடிந்து சட்டத்தைத் துடைக்க இறக்கியபோது, கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை படர்ந்து கணவரின் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டிருந்தது. அக்காவின் முகம் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் வேலையிடத்தில் இதைச் சொன்னார். "ஆளு ஒருக்காப் போனாரு. இப்ப ரெண்டாந்தடவையும் போயிட்டாரு சரசு." அவ்வளவுதான். உடனே மணி அடித்தது. இணைப்புக் கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பணி ஓய்வு பெற்றார். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் மாடு வாங்குவார்கள், அல்லது மகன் வீட்டுக்குப் போவார்கள். அக்கா சேலத்துக்குப் போய் ஒரு காமிரா வாங்கி வந்தார். எங்களுக்கெல்லாம் வியப்பு. "எதுக்குக்கா இந்த வயசுல?" என்று கேட்டேன்.

"இத்தன வருசமாக் கொரல மட்டுமே கேட்டுட்டு உக்காந்திருந்தேன் கண்ணு. இனி மூஞ்சியப் பாக்கோணும். ஊரு ஊராப் போயிப் பாக்கோணும்."

முதல் பயணம் கன்னியாகுமரி. ஓய்வு பெற்றவர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு வேன் பேசியிருந்தோம். நானும் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். அக்கா எல்லோரையும் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார். சூரியன் உதிக்கும்போது எங்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்ததால் நாங்கள் யாரும் உதயத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து சுருளைக் கழுவக் கொடுத்தால், ஒரு படம்கூட இல்லை. ஃபிலிமின் நுனி உள்ளிருக்கும் உருளையில் சரியாக மாட்டாமல், அது நகரவே இல்லை என்றார் ஸ்டுடியோக்காரர்.

வேனில் வந்தவர்கள் கேலி செய்தார்கள். அக்கா கோபப்படவும் இல்லை, வருந்தவும் இல்லை. அந்தக் கடையிலேயே உட்கார்ந்து, வீணான ஃபிலிமைக் கேட்டு வாங்கி, மாட்டியும் கழற்றியும் பழகினார். எந்தத் திருகு சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது என்று அர்த்தம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே எழுந்தார். அடுத்த ஆண்டு மறுபடியும் கன்னியாகுமரிக்கே கூட்டிப் போனார். "போன எடத்துக்கே எதுக்குங்கக்கா?" என்று முணுமுணுத்தேன். "போன எடந்தான். கொண்டு வரலியே" என்றார். இம்முறை கொண்டுவந்தார். சூரிய உதயத்தைப் பார்க்கவும் எங்களை அனுமதித்தார்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு பயணமாவது உண்டு. மதுரை, மைசூர், திருச்செந்தூர் என்று போய்க்கொண்டே இருந்தோம். படம் எடுப்பதைவிட அதைக் காப்பதில்தான் அவருக்குக் கவனம் அதிகம். கல்யாணப் படம் போன விதம் அவர் மனதை விட்டு அகலவில்லை. கழுவி வந்ததும் படங்கள் ஏற்காட்டு வீட்டில் ஆல்பத்துக்குப் போகும். நெகட்டிவ்களை மெல்லிய தாளில் சுற்றி, மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றில் போட்டு, ஈரத்தை இழுக்க ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசியும் வைத்து, குப்பனூருக்குக் கொண்டு போய்விடுவார். அடிவாரத்தில் தம்பி வீடு. அங்கே பனியும் இல்லை, ஓதமும் இல்லை.

பாவாயிக்கு இது பிடிக்கவில்லை. ஒருமுறை நான் இருக்கும்போதே கேட்டார். "ஏனுங்க அண்ணி, உங்க ஊட்டுல பீரோ இல்லீங்களா? இந்தப் போசிக்கு எங்க ஊட்டுலதான் எடமா?"

"எங்கூட்டுல படம் இருக்குது பாவாயி. ஒரே ஊட்டுல ரெண்டையும் வெச்சா அது ஒண்ணு வெச்ச மாதிரிதான். வருசத்துக்கு ஒருக்கா அரிசிய மட்டும் மாத்தி வெச்சுரு சாமி."

"எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்று பாவாயி அடுப்படிக்குப் போய்விட்டார்.

ராமேசுவரம் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எங்கள் மலைக் கிராமமான செம்மநத்தத்திலிருந்து ஆண்டியப்பன் என்ற விவசாயியும் அவர் மனைவி வெள்ளையம்மாவும் எங்களோடு வந்தார்கள். சாமை, ராகி போடுகிறவர்கள். மலையை விட்டு அவ்வளவு தூரம் அவர்கள் போனதில்லை. வெள்ளையம்மா காமிராவைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவார். "என்னையப் போயி எடுத்துட்டு. கோயில எடுங்க அம்மணி" என்பார். அக்கா வற்புறுத்தவில்லை. ஆனால் கடலில் கால் நனைத்தபோது, ஒரு அலை எதிர்பாராமல் முழங்காலுக்கு மேல் ஏற, வெள்ளையம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அக்கா காமிராப் பொத்தானை அமுக்கிவிட்டார். பிறகு அந்தப் படத்தை ஒரு பிரதி எடுத்து செம்மநத்தத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

சில ஆண்டுகள் கழித்து, தொண்ணூறுகளின் முன்பாதியில், ஒரு ஐப்பசிப் புயல் மலையை உலுக்கிவிட்டது. அக்கா வீட்டுக் கூரை ஓடுகள் பறந்தன. நல்லவேளையாக அவர் அன்று என் வீட்டில் இருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஆல்பங்கள் தண்ணீரில் ஊறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. பிரித்தால் சாயம்தான் கையோடு வந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா ஒரு ஆல்பத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விடு சரசு, கீழ இருக்குது" என்றார். சொன்ன பிறகு சற்று யோசித்தார். முழங்கால் வலியால் அவர் குப்பனூர் போய் நெடுநாளாகியிருந்தது.

ஓடு மாற்றும் வேலை முடிவதற்குள் ஆண்டியப்பன் வந்தார். செம்மநத்தத்திலிருந்து நடந்தே ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்கு வந்து, எங்களை விசாரித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். வெள்ளையம்மா இறந்துவிட்டார். வயிற்றுவலி என்று படுத்தவர் எழவில்லை.

"காரியத்துக்குப் படம் வெக்கோணும்னு மவ சொல்றா அம்மணி" என்றார். "நீங்க குடுத்தத சொவத்துல ஒட்டி வெச்சிருந்தனுங்க. இந்த மழையில சொவரே உளுந்துபோச்சு. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமுன்னு வந்தனுங்க."

அக்கா ஊறிப்போன ஆல்பத்தைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "காரியம் என்னிக்குங்க?" என்று கேட்டார். நாளை மறுநாள் என்றார். "போயி ஆக வேண்டியதப் பாருங்க. நாங்க கொண்டு வரோம்."

அவர் போன பிறகு நான் அக்காவோடு சண்டையிட்டேன். சேலம் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. குப்பனூர்ப் பாதையிலும் பஸ் இல்லை. இந்த முழங்காலோடு எப்படிப் போவது என்று கேட்டேன். "பஸ்ஸுதானே இல்ல, பாத இருக்குதில்ல" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நானும் கிளம்பினேன். பாதித் தூரம் ஆரஞ்சு ஏற்றிய ஜீப் ஒன்று கொண்டு போய் விட்டது. மரம் விழுந்து கிடந்த இடத்திலிருந்து நடந்தோம். வளைவுக்கு வளைவு அக்கா என் கையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். திரும்பிவிடலாம் என்று நான் வாயெடுக்கும் முன்பே அடுத்த அடியை வைத்துவிடுவார்.

குப்பனூர் வீட்டில் பீரோவைத் திறந்தால் போசி இல்லை. பீரோவே புதிது. அக்காவின் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"பழசக் குடுத்துப்போட்டு இத வாங்கினோமுங்க" என்றார் பாவாயி. "போசி அட்டாலில இருக்குதுங்க அண்ணி. பயப்படாதீங்க." ஏணி வைத்துப் பரணில் ஏறி, வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து அதை இறக்கினார். மூடியைத் திறந்ததும் வறுத்த அரிசி வாசனை வந்தது. புது அரிசி.

"நீ மாத்துனியா?" என்று அக்கா கேட்டார்.

"ஐப்பசி பொறந்தா மாத்தீருவனுங்க. மாத்தலீன்னா நீங்க விடுவீங்களா?"

அக்கா பாவாயியின் கையைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அந்த இருவரும் அவ்வளவு அருகில் நின்று நான் பார்த்ததில்லை.

நெகட்டிவில் மனிதர்களை அடையாளம் காண்பது கடினம். முகம் இருட்டிப் போய், தலைமயிர் வெளுத்து, எல்லோரும் ஒன்றுபோல் இருப்பார்கள். அக்கா சன்னலோரம் நின்று ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றில் நிறுத்தினார். "பல்லு பூராக் கறுப்பாத் தெரியுது பாரு. சிரிக்கறா. இவதான்."

அங்கிருந்து சேலத்துக்குப் பஸ் கிடைத்தது. ஸ்டுடியோவில் இரண்டு நாளாகும் என்றார்கள். "நான் இங்கியே உக்காந்திருக்கறனுங்க, நீங்க வேலையப் பாருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. சாயங்காலத்துக்குள் படம் கைக்கு வந்தது. பாதையில் விழுந்த மரத்தை அகற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நேராக மலையேறலாம் என்று நான் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. குப்பனூரில் இறங்கி, நெகட்டிவைப் போசிக்குள் வைத்து மூடிய பிறகே அன்று தூங்கினார்.

மறுநாள் செம்மநத்தத்தில் ஆண்டியப்பனிடம் படத்தைக் கொடுத்தோம். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"கடைசியில நொம்ப நோவுப்பட்டாளுங்க" என்றார். "அந்த மூஞ்சிதான் கண்ணுலயே நின்னுச்சு. இவ இப்படிச் சிரிச்சது எனக்கு மறந்தே போச்சுங்க."

அக்கா பையிலிருந்து இன்னொரு படத்தையும் எடுத்தார். "இது உங்க மவ ஊட்டுக்கு. ரெண்டையும் ஒரே ஊட்டுல வெக்காதீங்க."

திரும்பும் வழியில் ஒண்டிக்கடை வந்ததும், "ஆத்தா, காலு போச்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மறு மாதமே போசியில் இருந்த எல்லாவற்றையும் மறுபடி பிரதி போட்டார். ஓய்வூதியத்தில் பெரும்பகுதி அதற்குப் போனது. ஊறிப்போன ஒவ்வொரு பயணமும் புதிய ஆல்பத்தில் திரும்பி வந்தது. கல்யாணப் படத்துக்கு மட்டும் நெகட்டிவ் கிடைக்கவில்லை. அதை எடுத்த ஸ்டுடியோ எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடி ஆத்தூர்வரை போய்வந்தார். கிடைக்காது என்று உறுதியான பிறகும், "தேடாம உட்டுட்டேன்னு இருக்கக் கூடாதில்ல" என்றார்.

கடைசி ஆண்டுகளில் கை நடுங்கத் தொடங்கியது. கண்ணில் புரை. அறுவை செய்தும் ஒரு கண் தெளியவில்லை. மலைக்குளிர் ஆகாதென்று குப்பனூருக்கே குடிபோய்விட்டார். பயணத்தை மட்டும் விடவில்லை. தஞ்சாவூரில் என்னைத் தனக்கு முன்னால் நிற்கவைத்து, நடுக்கம் தெரியாமலிருக்க என் தோள்மேல் காமிராவை ஊன்றிக்கொண்டார். "அசையாத அம்மணி, மூச்சு உடாத" என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என் காதருகே அந்தச் சொடுக்குச் சத்தம் கேட்டது.

இறப்பதற்குச் சில நாள் முன்பு போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தார். "சித்திரையில எங்க போறோம்?" என்று கேட்டார். இந்த உடம்போடா என்றேன். "உடம்பு எப்பத்தான் செரியா இருந்துச்சு? நீ வேனுக்குச் சொல்லி வையி" என்றார். சொல்லிவைத்திருந்தேன்.

அக்காவை எடுத்துச் சென்ற அன்று வெயில் கடுமை. எங்கள் வழக்கப்படி பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். ஆண்டியப்பன் செம்மநத்தத்திலிருந்து வந்து ஆண்களோடு போனார். ஊர்வலம் எங்களுக்கு எதிரே தெரிந்த மலைப்பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. அப்போது ஏற்காடு பார்க்கப் போகும் வேன் ஒன்று அந்தப் பக்கம் வந்து, ஓரமாக ஒதுங்கி நின்றது. எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள். சன்னலோரம் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒருவர், முன்பின் தெரியாத அக்காவுக்குக் கைகூப்பினார். பறைச் சத்தம் தேய்ந்தபின் வேன் கிளம்பி, முதல் வளைவில் ஏறத் தொடங்கியது. அது மரங்களுக்குள் மறையும்வரை பாவாயியும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்திரமாப் போயிச் சேருங்கக்கா.