லோரனின் அடுத்த வாரம்

காலை பத்து மணி காபியை லோரன் ஹூக்ஸ்ட்ரா வேறு யாரையும் ஊற்ற விடமாட்டார். பசுமைக்குடிலின் நடுவில், உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கோப்பையாகத் தானே நிரப்பித் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் கோப்பை, வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவிகளுக்கு. பிஸ்கட்டில் உடையாததாகப் பார்த்து அவர்களுக்கு வைப்பார், உடைந்தது அவருக்கு. "இதுங்க நம்ம வீட்டுப் புள்ளைங்க. வேலைக்காரங்க இல்ல, தெரியுமில்ல?" என்று லாரி ஓட்டி வருகிறவனிடம்கூடச் சொல்வார். அவன் அதைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டான்.

மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து உள்ளே தள்ளி, டச்சுக்காரர்கள் வந்து குடியேறிய ஊரில் அவருடைய நர்சரி. கனத்த உடம்பு, குளிரில் சிவக்கும் காதுகள். தரையில் ரப்பர் வளையம் கிடந்தால் குனிந்து எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். சாயங்காலத்துக்குள் வளையல் கடை போலாகிவிடும். இன்னொரு வழக்கமும் உண்டு. விடிந்ததும் மாணவிகளின் சொந்த ஊரில் என்ன குளிர், என்ன மழை என்று பார்த்து வைத்துக்கொண்டு வருவார். "அம்மாடி, உங்க ஊர்ல ராத்திரி பனி கொட்டியிருக்கு. அப்பாவக் காதை மூடிக்கிட்டுப் போகச் சொல்லு!"

பரிமாற்ற விசாவில் வரும் இந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை ஒரு ஏஜென்சி அனுப்பிவைக்கிறது. விதிப்படி அவர்களுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும்; ஆள் கிடைக்காத குறைக்கு அவர்களை வைத்து ஒப்பேற்றக் கூடாது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் லோரன் சம்மதித்தார். இந்த வருஷம் வந்தவர்கள் இருவர். ஹோண்டுராஸ்காரி துனியாவுக்குப் பூச்செடி. கிர்கிஸ்தானிலிருந்து வந்த ஐஜமாலுக்கு ஆப்பிள். குறிப்பாக, ஒட்டுக் கட்டுவது. அவள் ஊரில், அங்குள்ள ஏரிக்கரையை ஒட்டிய அப்பாவின் தோட்டத்தில் பாதி மரங்கள் நோயில் கருகிப்போயிருந்தன. நோய் தாங்கும் அடிக்கன்றில் பழைய ரகத்தை ஒட்டுவதற்குக் கற்றுக்கொண்டு வா என்று அவளுடைய பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மூத்த அண்ணனை அழைக்கும் தங்கள் ஊர்ச் சொல்லால் ஐஜமால் லோரனை "பைகே" என்று கூப்பிடுவாள். லோரனுக்கு அதில் கொள்ளைப் பிரியம்.

"பைகே, ஒட்டுக் கட்டறது எப்போ?"

"அடுத்த வாரம், அம்மாடி. கட்டாயம்."

பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதில்லை. அந்தந்த வாரத்தில் அவர் அதை நம்பவே செய்தார். ஜனவரியில் கொட்டகையில் ஒட்டு வேலை நடந்தபோது அவள் துடைப்பத்துடன் வாசலில் நின்று பார்த்தாள். புதுக் கையில் கத்தியைக் கொடுத்தால் நல்ல அடிக்கன்றுகள் பாழாகும் என்று லோரன் கணக்குப் போட்டார். இரண்டு பழைய ஆட்கள் மடமடவென்று கட்டித் தள்ளினார்கள். ஆகஸ்டில், குச்சிக்குப் பதில் மொட்டை வைத்து ஒட்டும் காலம் வந்தது. அப்போது தொட்டி கழுவ, சாமந்திக்குத் தண்ணீர் விட ஆளில்லை. அவளை அங்கே அனுப்பினார். பாவம் என்று தோன்றியதால் அன்று மாலையே கடைக்கு அழைத்துப்போய், வரப்போகும் குளிருக்கு நல்ல கம்பளிக் கோட் வாங்கிக் கொடுத்தார். அவர் சுபாவமே அதுதான். கேட்காததையெல்லாம் அள்ளிக் கொடுப்பார். ஏரிக்குக் கூட்டிப்போனார், கார் ஓட்டப் பழக்கினார், காய்ச்சல் வந்தபோது அவர் மனைவி ஆர்லின் சூப் வைத்து எடுத்துப்போனாள். ஐஜமால் கேட்டது ஒன்றுதான். அதுமட்டும் நடக்கவில்லை.

அப்படியே நவம்பர் வந்தது. வருஷத்து விளைச்சலுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நன்றி நாள் காலையில் ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருக்கும். பிரசங்கம் முடிந்ததும் ஒலிவாங்கி வரிசை வரிசையாக வரும். நன்றி சொல்ல நினைப்பவர்கள் எழுந்து சொல்லலாம். லோரன் எந்த வருஷமும் தவறவிட்டதில்லை. புதுக் கோட்டுகளில் இரண்டு மாணவிகளையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"இந்த வருஷம் வேலைக்கு ஆள் கெடைக்காம நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ரோட்டோரம் போர்டு வச்சேன். ஒருத்தர் எட்டிப் பார்க்கல. இனி கதை முடிஞ்சுதுன்னு இருந்தேன். கர்த்தர் பாத்தார். பூமியோட அந்தப் பக்கத்திலேர்ந்து இந்தப் புள்ளைங்களை அனுப்பி வச்சார். இதுங்க மட்டும் வராட்டி என் சாமந்தி ஒரு தொட்டிகூட லாரி ஏறியிருக்காது. அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். ஆனால் அப்போது அவருக்கு உறைக்கவில்லை. சபையிலும் ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை, ஆமென் என்றார்கள். உற்சாகம் தலைக்கேறி, ஒலிவாங்கியை ஐஜமாலின் கையில் கொடுத்தார். "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு, அம்மாடி. கூச்சப்படாத."

அவள் எழுந்தாள். மரியாதைக்கு ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் நன்றி. எனக்குக் கோட் வாங்கிக் குடுத்தாங்க. உடம்பு முடியாதப்ப சூப் குடுத்தாங்க. நான் ஆப்பிள் மரம் ஒட்டுக் கட்டப் படிக்க வந்தேன். எங்கப்பா தோட்டத்துக்காக." கொஞ்சம் யோசித்தாள். நன்றி சொல்ல எழுந்தவள் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் உட்காரக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது. "தொட்டி கழுவ நல்லாக் கத்துக்கிட்டேன். வர்ற மாசம் ஊருக்குப் போறேன். லோரன் பைகே ரொம்ப நல்லவர்."

சபை அன்பாகச் சிரித்தது. பின்வரிசைக் கிழவர் ஒருவர் லோரனின் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரப் பொண்ணுய்யா! இந்த மாதிரி ரெண்டு பேரு எனக்கும் கெடைப்பாங்களா? மாட்டுக் கொட்டகை கழுவ ஆளில்லாம சாகறேன்."

லோரனின் காதுகள் சிவந்தன. அன்று குளிரால் அல்ல. பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் ஒரு வரி தாமதமாக எழுந்தார். புத்தகத்தைப் பிடித்திருந்தார், வாய் அசையவில்லை. அவள் குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மனதாரப் புகழ்ந்துவிட்டாளே, இதற்கு என்ன சொல்வது? இத்தனை நாள் கொடுத்த காபியும் கோட்டும் அவர் கண்ணெதிரே வந்து நின்றன. மிட்டாய் கொடுத்து ஏமாற்றுகிறவன் என்று ஊரில் சொல்வார்களே, அவன்தானா நான் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

நர்சரியை ஒட்டியிருந்த வீட்டுக்குக் காரில் திரும்பினார்கள். நர்சரி வாசலில் வண்டி திரும்பியபோது அவர் கண்ணாடியில் ஐஜமாலைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில, அம்மாடி. முதல் வேலையா உக்காருவோம். குச்சி வெட்டி, கத்தி பிடிச்சு, எல்லாம் சொல்லித் தரேன். நாளைக்கே."

அவள் அவருக்கு உதவுவதுபோல, மெதுவாக ஞாபகப்படுத்தினாள்.

"நாளைக்கு கிறிஸ்துமஸ் மரம் ஏத்த லாரி வருதே, பைகே."

வருகிறதுதான். வருஷத்தின் பெரிய விற்பனையே நாளைக்குத்தான் ஆரம்பம். காருக்குள் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

உள்ளே வான்கோழி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன்பு ஆர்லின் வாசல் படியில் மாணவிகளை நிறுத்திப் படம் எடுப்பாள். நடுவில் லோரன், இரண்டு பக்கமும் தோளில் கை போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி. அவளிடம் பழைய கனத்த கேமரா ஒன்று உண்டு, அதில்தான் எடுப்பாள்.

"நடுவுல போய் நில்லுங்க. சீக்கிரம். ஏஜென்சிக்கு அனுப்பணும். அடுத்த வருஷம் வர்ற புள்ளைங்க உங்க மூஞ்சியப் பாத்துத்தானே நம்பி வரணும்?"

லோரன் படியில் கால் வைத்தார். ஐஜமாலின் தோளுக்குப் போன கை பாதியில் நின்றது. கீழே இறங்கி வந்தார்.

"நீ போய் நில்லு. நான் எடுக்கறேன்."

"உங்களுக்கு இதைப் பிடிக்கவே தெரியாதே!"

"போய் நில்லுன்னா."

ஆர்லின் நடுவில் நின்றாள். மூவரும் சிரித்தார்கள். லோரன் கேமராவை முகத்தோடு சேர்த்துப் பிடித்து அழுத்தினார். கேமராவின் சொடுக்குச் சத்தம் கேட்டது.

"ஆச்சு, வாங்க சாப்பிடலாம்" என்று ஆர்லின் கேமராவை வாங்கக் கை நீட்டினாள். துனியா உள்ளே போய்விட்டாள். ஐஜமால் இன்னும் படியிலேயே நின்று, அடுத்து ஒரு படம் எடுக்கப்போகிறார் என்று நினைத்து, சிரித்த முகத்தை மாற்றாமல் காத்திருந்தாள். லோரன் கேமராவை முகத்திலிருந்து இறக்கவில்லை.