முருகைக்கல்லின் சளியும் அம்மாவின் குக்கரும்

கல்லுக்கும் சளி வடியும் என்பதை நான் அறிந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. உங்களில் மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது, இளையவன் தவழ்ந்துகொண்டிருந்தான். ஆகவே இது உங்கள் இருவருக்கும் நினைவிராது. உங்கள் அம்மாவைக் கேட்டால் "அது பழங்கதை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். நன்றி சொல்ல வேண்டிய ஒரு விஷயம் சொல்லப்படாமல் போகக்கூடாது என்பதற்காக நான் எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளனாக இருந்தேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, காய வைப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மிஸ் இருந்தார். முப்பது வயதுகூட ஆகாதவர். பருத்தித்துறைக் கரையோரம் தண்ணீருக்கடியில் முருகைக்கல் என்னும் பவளப் பாறைகள் உண்டு. அவை வெறும் கல்லல்ல, கடுகளவு உயிர்கள் கணக்கில்லாமல் சேர்ந்து கட்டிய வீடு என்று மிஸ்தான் எனக்குச் சொன்னார். அந்த உயிர்கள் தங்கள் உடம்பைக் காக்க வழுவழுப்பான ஒரு சளியைப் பூசிக்கொள்ளுமாம். அந்தச் சளிக்குள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா என்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்குமாம். எல்லாப் பற்றீரியாவும் நோய் தருபவையல்ல. சில அந்தக் கல்லுக்குக் காவல் நிற்கின்றன என்பது மிஸ்ஸின் எண்ணம்.

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது அந்தப் பற்றீரியாக்கள் எத்தனை, வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது எத்தனை, மழைத் தண்ணீர் கடலில் கலக்கும்போது எத்தனை என்று ஒரு வருடம் முழுக்க மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். மாசியில் தொடங்கித் தையில் முடிய வேண்டும். நடுவில் ஒரு மாதம் தவறினாலும் வருடம் உடைந்துவிடும். திரும்பவும் அடுத்த மாசியில் இருந்து தொடங்க வேண்டும். சண்டை நடந்த அந்தக் காலத்தில் அடுத்த மாசியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் உறுதியாகக் கதைப்பதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையோடு மின்சாரம் நின்றுபோனது. ஆய்வுகூடத்தில் சாமான்களைக் கிருமி நீக்கும் பெரிய இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. அது துணி போர்த்திய பிரேதம் மாதிரி மூலையில் கிடந்தது. எங்கள் கையிலும் மூச்சிலும் உள்ள பற்றீரியா ஒன்று உள்ளே போனாலும் கணக்குப் பிழைத்துவிடும். மிஸ் ஒருநாள் அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்று, "ஒரு பிரஷர் குக்கர் இருந்தாலே போதும், அண்ணை. உள்ளுக்கை அமுக்கமா அவிஞ்சால் எல்லாம் செத்துப்போம்" என்றார். கடைகளில் குக்கர் வராத காலம் அது.

"எங்கடை வீட்டிலை ஒண்டு சும்மா கிடக்கு, மிஸ்" என்றேன்.

அது பொய். அம்மாவின் தமையன் வெளிநாட்டில் இருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்த குக்கர் அது. அம்மா அதைச் சைவச் சமையலுக்கு என்று தனியாக வைத்திருந்தார். வீட்டில் மீன் சமைப்பதுண்டு. அதற்கு வேறு சட்டி, வேறு அகப்பை. குக்கருக்குள் பருப்பும் கடலையும் வெள்ளிக்கிழமைப் பொங்கலும் தவிர வேறொன்றும் போனதில்லை. அம்மாவிடம் நான், "மாதத்திலை ரண்டு நாள் கம்பசுக்குத் தாரும். கண்ணாடிப் போத்தல் அவிக்கத்தான்" என்று கேட்டேன். போத்தலும் அவித்தோம், அது பொய்யில்லை. ஆனால் போத்தல் மட்டும் அல்ல.

பற்றீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். ஒரு டின்னில் மண்ணிறமான சத்துத்தூள் இருந்தது. அதைக் கடல்தண்ணீரில் கரைத்து, இறுகுவதற்கு அகார் என்ற கடற்பாசித் தூள் சேர்த்து, குக்கரில் அவித்து, கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றினால் ஜெலி போல் இறுகும். அதன்மேல் ஒரு துளி சளியைப் பூசி மூடி வைப்போம். மூன்று நாளில் ஒவ்வொரு பற்றீரியாவும் பெருகி ஒவ்வொரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஆய்வுகூடத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, தென்னம்மட்டை எரித்து நான் குக்கரை வைப்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "அண்ணை, இண்டைக்கு என்ன கறி? எங்களுக்கும் ஒரு அகப்பை" என்று பகிடி விடுவார்கள். பின்னேரம் சாம்பல் போட்டு மினுக்கிக் குக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

சளி எடுக்கப் பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போவேன். மிஸ் முதல் நாளே நெல்லியடியில் தன் சின்னம்மா வீட்டில் வந்து தங்கி நிற்பார். அங்கே ஒரு கத்தோலிக்கக் கடற்றொழிலாளி எங்களுக்காகச் சுழியோடி அடித்தண்ணீருக்குள் போவார். ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து, கல்லின் மேல் உள்ள வழுவழுப்பை உறிஞ்சி வரவேண்டும் என்று மிஸ் சொன்ன முதல் நாள் அவர் சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்லுக்குத் தடிமனோ, தங்கச்சி? மூக்கு வடியுதோ?"

"தடிமன் இல்லை அண்ணை. அது சுகமாயிருக்கேக்கையும் சளி விடும்."

"அப்ப என்ரை மனிசியின்ரை தம்பி மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனார். அவர் கொண்டுவரும் சளியை ஈரச்சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்து, வல்லை வெளியின் எதிர்காற்றில் மிதித்து மத்தியானத்துக்குள் கம்பசுக்குக் கொண்டுவருவோம். இப்படிப் பத்து மாதம் போனது. எவரும் குழப்பவில்லை, எதுவும் உடையவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

கார்த்திகைக் கணக்கு முடிந்த அன்று மிஸ் சத்துத்தூள் டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். "அரைவாசிக் கிண்ணத்துக்குத்தான் தூள் காணும். மார்கழியும் தையும் இல்லையெண்டால் இந்தப் பத்தாலை பிரயோசனம் இல்லை, அண்ணை. மழைத்தண்ணி வாற மாதங்கள் அதுதானே."

"வேறை ஒண்டும் போடேலாதோ, மிஸ்?"

"மாட்டிறைச்சி வாங்கி அவிச்சு வடிச்சுப் பாப்பம். மார்கழியிலை அரைவாசி பழைய தூளிலை, அரைவாசி புது வடிசலிலை வைச்சால் ரண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு தெரிஞ்சிடும். பிறகு தையிலை புதுசைத் துணிஞ்சு பாவிக்கலாம்."

"மாட்டிறைச்சியோ?"

"ஓம். இந்தத் தூளும் அதுதானே."

அந்தத் தூளை நான் கருப்பட்டித் தூள் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். டின்னில் எழுதியிருந்த ஆங்கிலத்தை வாசித்து விளங்க எனக்குத் தெரியாது. ஒருநாள் நாக்கு நுனியில் வைத்தும் பார்த்திருக்கிறேன்; உப்பாக இருந்தது. என் நாக்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மூன்று வாரத்துக்கு முன்தான் உங்கள் அம்மா கந்தசட்டி விரதம் ஆறு நாளும் இருந்து, அந்தக் குக்கரில் அவித்த பருப்போடு விரதத்தை முடித்துப் பாறணை செய்திருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் வழக்காடினேன். இன்னும் இரண்டு மாதம்தானே, பிறகு சொல்லலாம் என்று ஒரு மனம். இப்போது சொன்னால் குக்கர் போய்விடும். குக்கர் போனால் மிஸ்ஸின் வருடம் போய்விடும். சொல்லாவிட்டால் தெரியாத ஒருவரின் வாய்க்குள் தெரிந்துகொண்டே ஊட்டுகிறவன் ஆகிவிடுவேன். தெரியாமல் செய்த பத்து மாதம் பிழை. தெரிந்து செய்தால் ஒரு நாள்கூடப் பாவம். எனக்கு இவ்வளவுதான் யோசிக்கத் தெரிந்தது.

அம்மா கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டு நின்றார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"எத்தினை மாசம்?" என்று கேட்டார்.

"பத்து."

"பாறணைப் பருப்பும் உதுக்குள்ளைதானே."

"ஓம்."

"அந்தக் கம்பஸ் பிள்ளை அறிஞ்சே செய்தது?"

"இல்லை. வீட்டிலை சும்மா கிடக்கிற குக்கர் எண்டு நான்தான் சொன்னனான்."

அம்மா சேலையைப் பிழிந்தார். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். "சும்மா கிடக்கிறது குக்கர் இல்லை, உங்கடை வாய்தான் சும்மா கிடவாமல் திரியுது" என்றார். அன்றைக்கு இரவு பருப்பு மண்சட்டியில் வெந்தது. குக்கர் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது.

அடுத்த நாள் மிஸ்ஸிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் அழாக்குறையாக என்னை ஏசினார். "அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் குக்கரை வாங்கியிருப்பனோ?" பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முற்றத்தில் நின்று, "அக்கா, என்னிலை பிழை. விசாரியாமல் வாங்கியிட்டன்" என்றார்.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். "இரும் பிள்ளை. நீர் என்ன செய்யிறீர்? இவர் கதைச்சால் அரைவாசிதான் உண்மை வரும். உந்தப் பூச்சியள் என்னத்துக்கு?"

மிஸ் எல்லாம் சொன்னார். கல்லின் சளி, அதற்குள் குடியிருக்கும் உயிர், காற்று மாறும்போது அவை கூடிக் குறைவது, சளி கெட்டால் கல் வெளிறிச் சாவது. கல் செத்தால் அதை நம்பியிருக்கும் மீனும் போய்விடும் என்றார். அம்மா இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப வெறும் சளிதான் அந்தக் கல்லைக் காக்குது எண்டுறீர்."

"அப்பிடித்தான் நினைக்கிறன் அக்கா. பன்ரண்டு மாசமும் எண்ணினால்தான் சொல்லலாம்."

"எண்ணினது பத்து."

"ஓம்."

அம்மா எழும்பிப் போய்க் கிணற்றடியில் கிடந்த குக்கரை மூடியோடு கொண்டுவந்து மிஸ்ஸின் காலடியில் வைத்தார். "இனி இது எனக்கு உதவாது. ஆனால் உதவாததைத் தாறன் எண்டு நினையாதையும். எனக்கு விருப்பமான சாமான். நீர் தொடங்கினதை முடியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதை இனிப் படலை தாண்டி வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ" என்றார். மிஸ்ஸுக்குத் தேத்தண்ணீரோடு ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தார். சீனி இல்லாத நாள்களில் அது பெரிய விருந்து.

இறைச்சி வாங்கப் போனது நான்தான். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர்க்காரர் வராத ஒரு கடையில் நின்றேன்.

"குழம்புக்கோ, பொரியலுக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அவிச்சு வடிக்க. கொழுப்பில்லாமல்."

"ஆருக்கும் சுகமில்லையோ?"

பொய் சொல்லி ஒருமுறை பட்டது போதும் என்று, "கம்பசிலை பூச்சி வளர்க்க" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நாங்கள் தின்ன வழியில்லாமல் திரியிறம். பூச்சிக்கு மாடோ?" என்றார். ஆனாலும் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்.

மார்கழியில் பழைய தூளிலும் புது வடிசலிலும் புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரேமாதிரி வந்தன. வித்தியாசத்தை மிஸ் எழுதி வைத்துக்கொண்டார். தையில்தான் பயம். வாடைக்காற்றில் கடல் கரையோடு முட்டிக்கொண்டு நின்றது. கரையில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். சுழியோடுபவர் கடலைப் பார்ப்பதும் சுருட்டை மெல்லுவதுமாக நின்றார்.

"இண்டைக்கு ஏலாதெண்டால் விடுங்கோ, அண்ணை" என்றார் மிஸ்.

"பதினொரு தரம் மூக்குச் சீறிவிட்டிட்டு பன்ரண்டாம் தரம் கைவிட்டால் அந்தக் கல் என்னை மதிக்குமே?" என்று சொல்லி இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுதலைப்பை என்னிடம் தந்தார். மூன்று முறை போனார். இரண்டு முறை வெறும் கலங்கல் தண்ணீர்தான் வந்தது. மூன்றாவது முறை சிரிஞ்சுக்குள் நூல் நூலாகச் சளி இருந்தது. கயிறு உரஞ்சிய என் உள்ளங்கை எரிந்தது. பாறை கிழித்த முழங்காலோடு ஏறி வந்த அந்த மனிதரின் காலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவர் சிரிஞ்சை மிஸ்ஸிடம் நீட்டினார்.

மூன்றாம் நாள் மிஸ் புள்ளிகளை எண்ண, நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். இரண்டாம் முறையும் எண்ணினோம். அத்தோடு வருடம் நிறைந்தது.

அந்தக் குக்கர் கம்பசிலேயே நின்றுவிட்டது. வேறு பிள்ளைகளும் பாவித்தார்கள். அம்மா அதன் பிறகு விறகடுப்பில் மண்சட்டியில் கடலை அவித்தார். ஊறவைத்தும் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும். ஒருநாளாவது அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மிஸ் தன் ஆராய்ச்சியை எழுதி முடிக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தட்டச்சுச் செய்த கட்டோடு ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். ஒரு பக்கத்தில் வரைபடம் இருந்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புள்ளிகள், ஒரு கோட்டில் தொடுத்தபடி. சோளகத்தில் தாழ்ந்து கிடந்த கோடு மழையோடு மேலே ஏறி, தையில் மெல்லத் திரும்பி இறங்கியது.

அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். "இதிலை எனக்குத் தெரியவந்தாப் பிறகு எண்ணினது எது, பிள்ளை?"

மிஸ் கடைசி இரண்டையும் காட்டினார்.

"அப்ப முதல் பத்தும் உம்மடை அண்ணை களவெடுத்தது. இது ரண்டும்தான் நான் குடுத்தது."

மூவரும் சிரித்தோம். அம்மா அந்த இரண்டு புள்ளிகளையும் விரலால் மறைத்துப் பார்த்தார். கோடு மேலே ஏறும் வழியில் அந்தரத்தில் நின்றது. விரலை எடுத்தார். கோடு திரும்பி இறங்கி முடிந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றார்.