பாவு நீட்டிய தெருவில் ஒரு நாய்

எங்கள் தெருவில் பூனை வைத்திருப்பவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கும். நாய் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. பூனை எலி பிடிக்கும், எலி தறியில் இருக்கும் பட்டு நூலைக் கடிக்கும், ஆகவே பூனை எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. நாய் தெருவில் ஓடும். நெசவாளர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தெரு நடப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், அங்கேதான் பாவு நீட்டுவோம். சேலையின் நீளவாட்டில் வரவேண்டிய ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை மூங்கில் கால்கள் மேல் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததைப் பிணைத்து, சுற்றி எடுப்போம். அந்த நேரத்தில் சைக்கிள்காரன்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவான். நாய்க்கு அந்த மரியாதையெல்லாம் தெரியுமா?

அறுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, கிணற்றடி. வீடு விடுவது என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். யார் வந்து கேட்டாலும், "உள்ள கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அது பொய்யில்லை.

ஒருநாள் மத்தியானம் ஒரு பெண் வீடு கேட்டு வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கூரம் பக்கத்து விவசாயக் குடும்பம். புருஷன் பஸ் கண்டக்டர், வாரத்தில் மூன்று நாள் வெளியூரில் தங்கல். செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய் அவள் காலை ஒட்டி நின்றது.

"நாயி உன்னுதாமா?" என்றேன்.

"ஆமாங்கா. அம்மா வீட்லேர்ந்து இட்டுக்கினு வந்தேன்."

"அப்போ வேற எடம் பாரு. இந்தத் தெருவுல நாயிக்கு வீடு கெடையாது."

"எட்டு வீடு கேட்டுட்டேங்கா. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அவரு இல்லாத நாள்ல தனியா பயமா இருக்குது. இது பக்கத்துல இருந்தாத்தான் கண்ண மூடுவேன்."

கெஞ்சியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதில்தான் நான் இளகிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பாவு நீட்டும் நாளில் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும், பாவைச் சுற்றி எடுக்கும்வரை திறக்கக் கூடாது. சரி என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். என் வீடு, என் இஷ்டம் என்று அனுப்பி வைத்தேன்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. நாய்தான், தறிக்குக் கீழே கால் விட்டு மிதிக்கும் எங்கள் தறிக்குழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. வெயில் காலத்தில் அந்தக் குழி குளுகுளுவென்று இருக்கும். என் வீட்டுக்காரர் காலடியில் போய்ச் சுருண்டு கொள்ளும். நான் கத்துவேன். "அது பாட்டுக்குக் கெடக்குது, மிதிகட்டையவா கடிச்சிது?" என்பார் அவர். பாவு நாட்களில் அவள் சொன்ன சொல் தவறவில்லை.

தை மாதம், கல்யாணச் சேலைகளுக்காக எங்கள் பாவு தெருவுக்கு வந்தது. பாவு நீட்டினால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்பது எங்கள் வழக்கம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அன்றைக்கு எதிர்வீட்டில் காய்ச்சல், ஓர் ஆள் குறைந்துவிட்டது. கடைசி முனையில் நின்று அறுந்த இழையைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. வெயில் ஏறினால் கஞ்சி காய்ந்துவிடும். நான் பின்கட்டுக்கு ஓடினேன்.

"ஏம்மா, ஒரு ஆள் கொறையுது. சீக்கிரம் வா!"

அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்த்து, "கதவ..." என்றாள்.

"அதெல்லாம் அப்புறம். வெயில் ஏறுது, வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சற்று நேரத்தில் நாய் அவளைத் தேடிக்கொண்டு தெருவுக்கு வந்தது. பாவுக்கு அடியில் புகுந்து, முதுகைத் தாழ்த்திக்கொண்டு, தெரு நீளத்துக்கும் நடந்து அவளிடம் போய்ச் சேர்ந்தது. ஓர் இழையைக்கூடத் தொடவில்லை. போய் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"நாயி! நாயி!" என்று முதலில் கத்தியது நான்தான். ஆண்கள் இரண்டு பக்கமும் கோலோடு ஓடினார்கள். ஒருவர் கால் மூங்கிலில் இடித்தது. அது சாய, அடுத்தது சாய, பாதிப் பாவு ஈரக் கஞ்சியோடு மண்ணில் கிடந்தது.

இடித்தவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாயி எப்பிடி வெளிய வந்துச்சு?" என்றுதான் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, கீழே கிடந்த இழைகளைப் பார்த்துக்கொண்டு, "கதவ சாத்தணும்னு சொல்லித்தான் வீடு விட்டேன்" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும்வரை எங்களோடு இருந்து, விரலில் சாம்பல் தொட்டு, அறுந்த இழைகளைத் திரித்துப் பிணைக்கக் கற்றுக்கொண்டாள். தெரு ஆட்கள் நாய் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"இந்த வீட்டையும் விட்டா எங்களுக்கு வேற கெடைக்காதுங்கா. நாய எங்கயாவது விட்டுடறேன்" என்றாள்.

அவள் புருஷனுக்குத் திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமணக் குடும்பம் பழக்கம். வாயில்லாத ஜீவன் என்றால் வேண்டாம் என்று சொல்லாதவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே நாயை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அதற்கப்புறம் புருஷன் ஊரில் இல்லாத நாட்களில் அவள் அறை விளக்கு விடியும்வரை எரிந்தது. காலையில் கண் சிவந்து கிணற்றடிக்கு வருவாள். என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரிப்பாள். எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. குழம்பில் உப்பில்லை என்று சொன்னதற்கு என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

"உனக்கு யார் மேல கோவம்?" என்று கேட்டார் அவர், தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

இரண்டு மாதம் கழித்து வீடு வீடாகப் போய், அந்த நாய் திரும்பி வரும், பாவுக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பு என்றேன். வாய் நீளம் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலைக்கு உதவியது. அப்போதும் கதவு எப்படித் திறந்து கிடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நாய் உள்ளவர்களுக்கு வீடு விடலாமா என்று இன்றைக்கு என் பிள்ளைகள் கேட்கிறார்கள். பாவு நீட்டும் தெருவுக்கு நாய் ஆகாது, அதை இப்போதும் சொல்வேன். ஆனால் விட்ட பிறகு, நம் தவறை நாய் தலையில் கட்டக் கூடாது.

நானும் அவளும் திருப்பருத்திக்குன்றத்துக்கு நடந்தே போனோம். அவளைப் பார்த்ததும் நாய் பாய்ந்து வந்தது. முனகியது, சுற்றிச் சுற்றி வந்தது, அவள் கையை நக்கித் தீர்த்தது. புறப்படும்போது கூப்பிட்டாள். பத்தடி கூட வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் அவளைப் பார்த்தது, அவர்களைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய் அவர்கள் வாசற்படியில் படுத்துக்கொண்டது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். வாலை மட்டும் ஆட்டியது.

"இருக்கட்டுங்கா. இங்க பழகிடுச்சு" என்றாள்.

பாதி வழி வந்திருப்போம். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அன்னைக்குக் கதவ சாத்த உடாம இட்டுக்கினு போனது நான்தாம்மா" என்றேன்.

"தெரியுங்கா" என்றாள் அவள். "அன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் உங்க பக்கத்துலதான உக்காந்து இழ பிணைச்சேன்? இப்போ சொல்லுவீங்க, இப்போ சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."