பின்சீட்டுக்கும் ஒரு பாடம்

1. எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு

கள்ளக்குறிச்சியில் ஒரு பைக் ஷோரூமில் டெலிவரி கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு புது வண்டி டீக்கடைக்குள் போனது.

சங்கராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் குடும்பத்தோடு வண்டி எடுக்க வந்திருந்தார். ராகு காலம் தொடங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது. என் வேலை சுலபமானது. சாவியைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும், ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். மூன்றையும் குறையில்லாமல் செய்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, முன்சக்கரத்தால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, கிளட்சை ஒரேயடியாக விட்டார். வண்டி சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்க் கடையில் போண்டா தட்டுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. டீ மாஸ்டர் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "இன்னா அண்ணே, எறங்கி வந்து கேட்டா டீ குடுக்க மாட்டனா?"

விவசாயி இன்னும் ஹேண்டில்பாரை விடவில்லை. "கெட்டியாப் புடிச்சிக்கன்னு சொன்னாங்க. புடிச்சேன். புடிக்கப் புடிக்க ஜாஸ்தியா ஓடுது!" என்றார். பயத்தில் அவர் இறுக்கிப் பிடித்துத் திருகியது ஆக்ஸிலரேட்டரை. பிரேக் லிவரைப் பிடித்திருக்கலாம். ஆனால் அதில் நான் அழகாகச் சுற்றிவிட்ட சாமந்தி மாலை இருந்தது.

முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். "சாவி குடுக்கறோம். ஓட்டச் சொல்லிக் குடுக்கறது யாரு?" என்றார். பழைய ஆட்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள். நான் புதுசு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவரையே பார்த்தேன். அப்படித்தான் நான் சேஃப்டி டிரெய்னர் ஆனேன். காலேஜ் நாளிலிருந்தே அண்ணன் வண்டியை ஓட்டிப் பழகியிருந்தேன். அதற்குமேல் தெரிய வேண்டியதைக் கற்றுவரச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

2. எட்டுப் போட்டவர்

ஷோரூமுக்குப் பின்னால் ஒரு மைதானம். வண்டி வாங்குகிறவர் அங்கே என்னோடு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகே டெலிவரி. "வண்டி வாங்க வந்தனா, இஸ்கோலுக்கு வந்தனா?" என்று கேட்காத ஆள் குறைவு. அதிலும் சத்தமாகக் கேட்டவர் கபீர் பாய்.

கபீர் பாய் ஊரில் துணி வியாபாரி. ஐம்பத்து நாலு வயது. கல்வராயன் மலைக் கடைகளுக்கு லுங்கியும் சட்டைத் துணியும் பஸ்ஸில் மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் போடுவார். பஸ்ஸுக்குக் காத்து அலுத்துப்போய் வண்டி வாங்க வந்தார்.

"லைசென்ஸ் எடுத்து இருவது வருஷமாச்சும்மா. எட்டுப் போட்டவனுக்கு எதுக்கு டிரெய்னிங்?"

"எட்டு எந்த கியர்ல போட்டீங்க பாய்?"

"ஃபர்ஸ்ட் கியர்லதான்."

"அதுக்கப்புறம்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கப்புறம் வண்டியத் திருப்பிக் குடுத்துட்டனே."

மைதானத்தில் வழிகாட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் கோன்களில் இரண்டைச் சாய்த்தார், மூன்றாவதை இழுத்துக்கொண்டே போனார். ஆனாலும் பிடிவாதக்காரர். மறுநாளும் வருகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி நூர்ஜஹான் எனக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "மேடம், அவரு தொழுவப் போயிருக்காரு. அதான் பேசறேன். அவர ஃபெயில் பண்ணி வுட்ருங்க. மலை ரோடு எப்பிடின்னு எனக்குத் தெரியும். வூட்ல ஒரு நிமிஷம் நிம்மதியா உக்கார முடியாது."

"இது பரீட்சை இல்லக்கா, ஃபெயில் பண்றதுக்கு. நாளைக்கு நீங்களும் கூட வாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் நூர்ஜஹானும் வந்தார். சும்மா உட்கார வைப்பானேன் என்று ஹெல்மெட்டை மாட்டி, பாய்க்குப் பின்சீட்டில் ஏற்றினேன். வளைவில் வண்டி சாயும் பக்கமே சாய வேண்டும், நிற்கும்வரை காலைக் கீழே விடக் கூடாது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோளில் இரண்டு தட்டு. அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு பாய்க்கு மலை இறக்கப் பாடம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் போடக் கூடாது, கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை உருளவிடக் கூடாது. பாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் என் பயிற்சித் தாளில் ஒவ்வொன்றாக டிக் போட்டேன்.

நூர்ஜஹான் மட்டும், "ஏன் கூடாது?" என்று கேட்டார்.

"கியர்ல இருந்தா இன்ஜினே சக்கரத்தப் புடிச்சி இழுக்கும்க்கா. கிளட்ச் புடிச்சிட்டா அந்தப் புடி போயிடும். மொத்த பாரமும் பிரேக் மேல வரும். சூடேறி, கடைசில அழுத்தினாலும் கேக்காது."

"புடி போயிடுச்சின்னு பின்னாடி இருக்கறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "சத்தம்க்கா. இன்ஜின் சத்தம் பொசுக்குன்னு அடங்கிடும். ஆனா வேகம் ஏறும்" என்றேன்.

3. கரியாலூர் இறக்கம்

வண்டி எடுத்துப் பத்து நாள் ஊருக்குள் ஓட்டிப் பழகிய பிறகு, பாய் மலைக்குத் தயாரென்றார். முதல் தடவை நானும் பின்னால் வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஷோரூம் வண்டியை எடுத்தேன். நூர்ஜஹானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். "அங்க இன்னா நடக்குதுன்னு நானே பாக்கறேன்" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். பாய் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, வாய்விட்டுப் பாடம் ஒப்பித்துக்கொண்டே போனார். "ரெண்டாவது கியரு, லெஃப்ட்ல போ, தூரமாப் பாரு!" நடந்து போனவர்கள் தங்களுக்குத்தான் சொல்கிறார் என்று ஒதுங்கி நின்றார்கள். கரியாலூரில் கடைகளைப் பார்த்துவிட்டு டீ குடித்தோம். திரும்பும்போது லேசாகத் தூறியது.

முதல் நாலு வளைவும் அருமையாக இறங்கினார். அடுத்து ஒரு நீளமான நேர் இறக்கம். அங்கே அவர் வண்டி என்னை விட்டு விலகி ஓட ஆரம்பித்தது. பிரேக் லைட் எரிந்தது, அணையவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, கிளட்சைப் பிடித்துவிட்டார். விடாமல் ஹாரன் அடித்தேன். நான் சைடு கேட்கிறேன் என்று நினைத்து, மரியாதையாகக் கையைக் காட்டி என்னை முன்னே போகச் சொன்னார். பிரேக்கில் இருக்க வேண்டிய கை அது.

முன்னால் திரும்பும் வளைவு தெரிந்தது.

அப்போது நூர்ஜஹானின் கை எழுந்து பாயின் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது. அவருடைய ஹெல்மெட் பாயின் காதுப் பக்கம் போனது. அடுத்த நொடி வண்டி ஓர் உதறு உதறி, உறுமி, வேகம் தணிந்தது. வளைவுக்கு முன்பே இடது ஓரம் ஒதுங்கி நின்றது. நானும் பின்னாலேயே நின்றேன். வளைவில் மேலே ஏறிவந்த பஸ் மொத்த ரோட்டையும் அடைத்துக்கொண்டு திரும்பி, எங்களை ஒரு கை தூரத்தில் உரசினாற்போலக் கடந்து போனது.

பாய் ஹெல்மெட்டைக் கழற்றித் தடுப்புச் சுவரில் வைத்தார்.

"சத்தம் அடங்கிடுச்சி. வேகம் ஏறுது. கிளட்ச வுடுங்கன்னு சொன்னேன்" என்றார் நூர்ஜஹான்.

"நேர் ரோடுதான, பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாவட்டும்னு..."

"மிச்சம் புடிச்சி யாருக்குங்க வெச்சிட்டுப் போவப் போறீங்க?"

பாய் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

தப்பில் பாதி என்னுடையது. அன்று பாடத்தில் அவர் தலையாட்டினார், நான் டிக் போட்டேன். ஒரு தடவை, "ஏன்னு சொல்லுங்க பாய்" என்று கேட்டிருந்தால், அவருக்குப் புரியவில்லை என்பது மைதானத்திலேயே தெரிந்திருக்கும். மீதி இறக்கம் முழுக்க அவர் கியரிலேயே இறங்கினார். சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பின்னாலிருந்து தட்டு விழுந்தது.

4. கற்றுக்கொண்டது

மறுநாள் முதலாளியிடம் போய், இனிமேல் யார் பின்னால் உட்காருவார்களோ அவர்களும் பயிற்சிக்கு வர வேண்டும் என்றேன். "டெலிவரி லேட்டாவும்மா" என்றார். "ஆவட்டும் சார்" என்றேன். கரியாலூர் இறக்கத்தைச் சொன்னதும் சம்மதித்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிக் போடுவதற்கு முன்னால் அவர்கள் வாயால் காரணத்தைச் சொல்ல வையுங்கள். தலையாட்டுவதை நம்பாதீர்கள். கேள்வி கேட்கிற ஆள் எந்த சீட்டில் இருந்தாலும் முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

புது முறை வந்த முதல் வாரத்தில் தியாகதுருகத்திலிருந்து ஒருவர் வண்டி எடுக்க வந்தார். பின்னால் உட்காரப் போகிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்றேன். மனைவி, மச்சான், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் கை தூக்கினார்கள்.

"யார் எந்த நாளு பின்னாடி உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்பிடிக் கேட்டுட்ட?" என்றார் அவர். "எல்லாரும் ஒண்ணாத்தான்!"

அன்றைக்குப் பாடத்தை, ஒரு வண்டியில் எத்தனை பேர் என்பதிலிருந்து தொடங்கினேன்.