எதிரில் வந்த மில்

தவளக்குப்பத்தில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்த குமுதா, என் கடைக்கு எதிரிலேயே மில் போட அனுமதி கேட்டாள். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. நெடி தாங்காது, இரைச்சல் தாங்காது என்று கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுத்தேன். என் மில்லுக்கு மட்டும் என்னவோ நெடியே இல்லாத மாதிரி.

விசாரணைக்குப் போனால், அதிகாரி அம்மா குமுதாவைப் பார்த்துச் சிரித்து, "உக்காரும்மா" என்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நீங்க அவளுக்கு வேண்டியவங்க. இத நீங்க விசாரிக்கக் கூடாது."

"குமுதாவ இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் அவர். "ஆனா நான் விசாரிக்கப் போறதில்ல. வேற அதிகாரியப் போடச் சொல்லிட்டேன். அதச் சொல்லத்தான் ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்."

"ஏன் மேடம்?"

"எங்க வீட்டுக் கொழம்புத் தூள் உங்க மில்லுலதான் அரைக்கிறோம். மாமியார் கொண்டாந்து குடுப்பாங்க. நீங்க அரைக்கிற பதம் வேற எங்கயும் வராது. நான் உங்க பக்கம் சாஞ்சுடுவேன்."

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து வந்த அதிகாரி அவளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அவள் மில்லில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். "எதிர் மில்லுல தூள் நல்லா இருக்குமா?" என்று சிலர் என்னிடமே கேட்பார்கள். முன்பென்றால் நாலு குறை சொல்லியிருப்பேன்.

"என்னக் கேக்காதீங்க" என்கிறேன். "எனக்கு அவ மேல பொறாம."